பாறைக்கு எத்தனை மார்க்?

சுரங்கத்தில் சிக்கிய 41 பேர் சொல்லும் பாடம்

மலையைக் குடைந்து ரோடு போடுகிறார்கள். பூமியைத் தோண்டி ரெயில் விடுகிறார்கள். தலைக்கு மேலே இருக்கும் பாறை விழுமா, விழாதா? எவ்வளவு நேரம் தாங்கும்? இதைக் கண்டுபிடிக்க, பாறைக்கு மார்க் போடும் முறை ஒன்று இருக்கிறது. அந்த மார்க்கைச் சரியாகப் போட வேண்டும். போட்ட மார்க்குக்குத் தக்கபடி வேலையும் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து!

திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது, ஆர்.கே.பேட்டை. ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பது முழுப் பெயர். தறி ஓசை கேட்கும் ஊர். சுற்றிலும் பாறைக் குன்றுகள்.

பாறையில் கல் உடைக்கும் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். அவர் உளியை எடுப்பதற்கு முன் சுத்தியலால் பாறையைத் தட்டுவார். "ணங்" என்று மணி போல் ஒலித்தால், அது நல்ல கல். "பொத்" என்று அமுங்கி ஒலித்தால், உள்ளே வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். அவர் படித்த பாடம் அவ்வளவுதான். ஆனால் அது பெரிய பாடம்.

ஆர்.கே.பேட்டையில் இருந்து சோளிங்கர் வழியாகப் போனால் மகேந்திரவாடி என்ற ஊர் வரும். அது ராணிப்பேட்டை மாவட்டம். அங்கே வயல்வெளியில் ஒரு பெரிய பாறை. அந்தப் பாறையைக் குடைந்து, உள்ளே ஒரு கோவில் கட்டி இருக்கிறார்கள். கட்டியவர், பல்லவ அரசர் மகேந்திரவர்மன். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முந்திய கோவில் அது. சிமெண்டு இல்லை. இரும்பு இல்லை. கூரை விழவில்லை!

என்ன காரணம்? வெடிப்பு இல்லாத பாறையாகப் பார்த்துத் தேர்ந்து எடுத்தார்கள். கல் தச்சருக்குக் கல்லின் குணம் தெரிந்து இருந்தது.

அரசர் பாறையைத் தேர்ந்து எடுத்தார். இன்று ரோடு போடுகிறவர் அப்படித் தேர்ந்து எடுக்க முடியாது. ரோடு எந்த வழியாகப் போக வேண்டுமோ, அந்த வழியில் இருக்கும் மலையைத்தான் குடைய வேண்டும். அந்த மலை நல்ல மலையாக இருக்கலாம். நொறுங்கும் மலையாகவும் இருக்கலாம்.

நொறுங்கும் மலையில் சிக்கிய 41 பேரின் கதையைப் பாருங்கள்.

தீபாவளி அன்று

2023-ம் ஆண்டு, நவம்பர் 12-ந் தேதி. தீபாவளி நாள். நாடு முழுவதும் விளக்கு ஏற்றும் நாள்.

இமயமலையில், உத்தரகாண்ட் மாநிலத்தில், உத்தரகாசி மாவட்டத்தில் சில்க்யாரா என்ற இடம். யமுனோத்திரி போகும் வழியில், மலையைக் குடைந்து சுரங்கப் பாதை அமைத்துக் கொண்டு இருந்தார்கள். அதன் நீளம் சுமார் 4½ கிலோ மீட்டர். அது முடிந்தால், பனி விழும் 25.6 கிலோ மீட்டர் மலைப் பாதையில் போகத் தேவை இல்லை. 50 நிமிடப் பயணம் 5 நிமிடமாகக் குறையும்.

அன்று விடியற்காலை, சுரங்கத்தின் வாசலில் இருந்து 200 மீட்டருக்கு மேல் உள்ளே, கூரை சரிந்தது. கல்லும் மண்ணும் வழியை அடைத்துக் கொண்டன. இரவு வேலை முடிந்து வீடு திரும்ப வேண்டிய 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக் கொண்டார்கள்.

ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் என்று பல மாநிலங்களில் இருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள்.

அவர்களுக்கு முன்னால் சுமார் 60 மீட்டர் கனத்துக்கு இடிபாடு. பின்னால் சுமார் 2 கிலோ மீட்டர் நீளத்துக்குத் தோண்டிய சுரங்கம். அதற்கு அப்பால் குடையாத மலை. வெளியே வர வேறு வழி இல்லை.

சிறிய குழாய் வழியாகக் காற்று அனுப்பினார்கள். பொரியும் பருப்பும் அனுப்பினார்கள். 9-வது நாள், 6 அங்குலக் குழாய் ஒன்று உள்ளே போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் சூடான சாப்பாடு போயிற்று. கேமரா வழியாக அவர்கள் முகம் தெரிந்தது. வெளியே காத்து இருந்த குடும்பத்தார் கண்ணீர் விட்டார்கள்.

இடிபாட்டைத் துளைக்கப் பெரிய எந்திரம் வந்தது. அது இரும்பில் மோதி, உடைந்து சிக்கிக் கொண்டது. கடைசியில் நிலக்கரிச் சுரங்கத்தில் எலி வளை போல் குடைந்து பழகிய தொழிலாளர்கள் வந்தார்கள். குழாய்க்குள் தவழ்ந்து போனார்கள். கையால் தோண்டி, கடைசி 12 மீட்டரைக் கடந்தார்கள்.

நவம்பர் 28-ந் தேதி இரவு, 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். 17 நாள் போராட்டம் வெற்றி!

எலி வளை முறையில் நிலக்கரி எடுப்பது ஆபத்தானது. 2014-ம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தடை செய்தது. தடை செய்யப்பட்ட வேலையில் பழகிய கைகள்தான் 41 உயிர்களைக் காப்பாற்றின.

மீட்டவர்களை நாடே பாராட்டியது. ஆனால் ஒரு கேள்வி நின்றது. அந்தக் கூரை விழும் என்பது முன்கூட்டியே தெரியாதா?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், பாறைக்கு எப்படி மார்க் போடுகிறார்கள் என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

மேஸ்திரியின் கண்

அந்தக் காலத்தில் மார்க் முறை எதுவும் கிடையாது.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மதுரைப் பக்கம் திருப்ப, பென்னிகுயிக் என்ற என்ஜினீயர் மலையைக் குடைந்தார். ஒரு மைலுக்கு மேல் நீளம் உள்ள சுரங்கம். 1895-ம் ஆண்டில் தண்ணீர் பாய்ந்தது. அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் அனுபவம்தான் வழி காட்டியது. "இங்கே கட்டை கொடு, அங்கே வேண்டாம்" என்று மேஸ்திரி சொல்வார். அவர் கண்தான் அளவு கோல்.

மேஸ்திரிக்கு மேஸ்திரி அனுபவம் மாறும். ஒருவர் "நல்ல பாறை" என்பார். இன்னொருவர் "சுமார்" என்பார். யார் சொல்வது சரி?

1946-ம் ஆண்டில் டெர்சாகி என்ற ஆஸ்திரிய நாட்டு நிபுணர் ஒரு வழி சொன்னார். பாறையை வகை வகையாகப் பிரித்தார். எந்த வகைப் பாறை, இரும்பு வளைவின் மீது எவ்வளவு பாரத்தை இறக்கும் என்று கணக்குக் கொடுத்தார்.

அதன் பிறகு பினியாவ்ஸ்கி என்பவர் வந்தார். போலந்து நாட்டில் பிறந்தவர். தென் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவர். 1973-ம் ஆண்டில் அவர் பாறைக்கு மார்க் போடும் முறையை வெளியிட்டார். 1989-ல் அதைத் திருத்தினார். பள்ளிக்கூடப் பரீட்சை போல், மொத்தம் 100 மார்க்.

ஐந்து பாடம், 100 மார்க்

பள்ளிக்கூடத்தில் தமிழ், கணக்கு, விஞ்ஞானம் என்று பல பாடம் இருக்கிறது அல்லவா? பாறைக்கும் ஐந்து பாடம் இருக்கிறது.

முதல் பாடம், பலம். ஒரு துண்டுப் பாறையை எந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு அழுத்தத்தில் உடைகிறது என்று பார்ப்பார்கள். இதற்கு 15 மார்க்.

இரண்டாவது பாடம், முழுமை. இதற்கு 20 மார்க். இதைக் கண்டுபிடிக்கும் முறை வேடிக்கையானது. டீர் என்ற அமெரிக்க நிபுணர் 1960-களில் சொன்ன முறை அது.

மலைக்குள் துளை போட்டு, பாறையை நீண்ட தண்டாக வெளியே எடுப்பார்கள். பார்ப்பதற்குக் கரும்புத் துண்டு போல் இருக்கும். நல்ல பாறை நீளம் நீளமாக வரும். கெட்ட பாறை துண்டு துண்டாக வரும். 10 சென்டி மீட்டருக்குக் குறைந்த துண்டுகளை ஒதுக்கி விடுவார்கள். மீதித் துண்டுகளின் நீளத்தைக் கூட்டுவார்கள்.

ஒரு மீட்டர் தண்டு எடுத்தார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் 30, 25, 15 சென்டி மீட்டர் நீளத்தில் மூன்று துண்டு கிடைத்தது. மற்றவை எல்லாம் பொடித் துண்டு. மூன்றையும் கூட்டினால் 70. ஆகவே முழுமை 100-க்கு 70. இது நடுத்தரப் பாறை. 90-க்கு மேல் வந்தால் முதல் தரம். 25-க்குக் கீழே வந்தால் மிக மோசம்.

மூன்றாவது பாடம், வெடிப்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. இதற்கு 20 மார்க். இரண்டு மீட்டருக்கு ஒரு வெடிப்பு இருந்தால் நல்லது. விரல்கடைக்கு ஒரு வெடிப்பு இருந்தால் பாறை செங்கல் குவியல் போல் சரியும்.

நான்காவது பாடம், வெடிப்பின் குணம். இதற்குத்தான் அதிக மார்க். 30! வெடிப்பின் இரண்டு பக்கமும் அம்மிக்கல் போல் சொரசொரப்பாக இருந்தால், ஒன்றை ஒன்று பிடித்துக் கொள்ளும். வழுவழுப்பாக இருந்தால் வழுக்கும். நடுவே களிமண் இருந்தால் கேட்கவே வேண்டாம். சோப்பு தடவிய தரை போல் ஆகி விடும்.

ஐந்தாவது பாடம், தண்ணீர். 15 மார்க். காய்ந்த பாறைக்கு முழு மார்க். தண்ணீர் கொட்டும் பாறைக்குப் பூஜ்யம்.

கூட்டியதும் முடிந்து விடவில்லை. கழிக்கும் மார்க்கும் உண்டு. விறகு பிளப்பவருக்கு இது எளிதில் புரியும். மரத்தின் ரேகை ஓடும் பக்கம் கோடரியைப் போட்டால் மரம் சட்டென்று பிளக்கும். பாறைக்கும் ரேகை உண்டு. அந்த ரேகையோடு சேர்ந்து சுரங்கம் போனால், பாறை பலகை பலகையாகப் பெயர்ந்து விழலாம். ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்து, 12 மார்க் வரை கழிப்பார்கள்.

இரண்டு பாறை, இரண்டு மார்க்

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

வெடிப்பு இல்லாத கருங்கல் பாறை ஒன்று. பலத்துக்கு 12. முழுமைக்கு 20. இடைவெளிக்கு 20. வெடிப்பின் குணத்துக்கு 25. காய்ந்த பாறை, ஆகவே தண்ணீருக்கு 15. மொத்தம் 92. முதல் வகுப்பு!

நசுங்கி நொந்த மலைப் பாறை இன்னொன்று. பலத்துக்கு 4. முழுமைக்கு 8. இடைவெளிக்கு 8. வெடிப்பு வழுவழுப்பு, ஆகவே 10. தண்ணீர் சொட்டுகிறது, ஆகவே 4. மொத்தம் 34. ரேகை கெட்ட பக்கம் ஓடுகிறது. அதற்கு 10 கழித்தால் மீதி 24. நான்காம் வகுப்பு.

பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு சின்ன வகுப்பு. இங்கே முதல் வகுப்புதான் உயர்ந்தது. 81-க்கு மேல் முதல் வகுப்பு. 61 முதல் 80 வரை இரண்டாம் வகுப்பு. 41 முதல் 60 வரை மூன்றாம் வகுப்பு. 21 முதல் 40 வரை நான்காம் வகுப்பு. 20-ம் அதற்குக் கீழும் ஐந்தாம் வகுப்பு.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் குன்றுகள் மிகப் பழைய பாறை. வட தமிழ்நாட்டுப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி ஆண்டு வயது. எத்தனையோ காலமாக ஆடாமல் அசையாமல் கிடப்பவை. இமயமலை அப்படி அல்ல. சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன்புதான் எழும்பத் தொடங்கியது. இந்திய நிலப் பரப்பு இன்றும் வடக்கே தள்ளிக் கொண்டு இருக்கிறது. அந்த நெருக்கலில் மலை இன்றும் உயர்கிறது. பாறை மடிந்து, நசுங்கி, வெடித்துக் கிடக்கிறது. ஆகவேதான் இமயமலையில் சுரங்கம் தோண்டுவது கடினம்.

பாறை தரும் கெடு

மார்க் போடுவது வெறும் புள்ளி விவரத்துக்காக அல்ல. அந்த மார்க், ஒரு கெடுவைச் சொல்லுகிறது. தாங்கல் எதுவும் கொடுக்காமல் விட்டால், கூரை எவ்வளவு நேரம் நிற்கும் என்ற கெடு.

முதல் வகுப்புப் பாறை, 15 மீட்டர் அகலத்துக்குக் குடைந்தாலும் சுமார் 20 ஆண்டு நிற்கும். இரண்டாம் வகுப்பு, 10 மீட்டர் அகலத்துக்குச் சுமார் ஓர் ஆண்டு. மூன்றாம் வகுப்பு, 5 மீட்டர் அகலத்துக்கு ஒரு வாரம்.

நான்காம் வகுப்பு? இரண்டரை மீட்டர் அகலத்துக்கு 10 மணி நேரம்!

ஐந்தாம் வகுப்பு? ஒரு மீட்டர் அகலத்துக்கு அரை மணி நேரம்!

காலையில் வெடி வைத்தார்கள். மாலையில் தாங்கல் கொடுக்கலாம் என்று விட்டார்கள். பாறை மூன்றாம் வகுப்பு என்றால் பிழைத்தார்கள். ஐந்தாம் வகுப்பு என்றால் கூரை காத்து இருக்காது.

ஆகவே வகுப்பைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். 10 மீட்டர் அகலச் சுரங்கத்துக்கு முறை இது. முதல் வகுப்புப் பாறையில் ஒரே தடவையில் 3 மீட்டர் முன்னேறலாம். தாங்கல் அநேகமாகத் தேவை இல்லை. மூன்றாம் வகுப்பில் 4 மீட்டர் நீள இரும்பு போல்ட்டுகளைக் கூரைக்குள் செலுத்த வேண்டும். கூரையில் 5 முதல் 10 சென்டி மீட்டர் கனத்துக்குச் சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சி அடிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் அரை மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரைதான் முன்னேறலாம். கலவை 15 முதல் 20 சென்டி மீட்டர் கனம் வேண்டும். முக்கால் மீட்டருக்கு ஒன்று வீதம் இரும்பு வளைவு நிறுத்த வேண்டும்.

நார்வே நாட்டிலும் ஒரு முறை உண்டு. 1974-ல் பார்ட்டனும் அவருடைய நண்பர்களும் வகுத்தது. 200-க்கும் மேற்பட்ட சுரங்கங்களைப் பார்த்துக் கண்ட அனுபவம் அது. பாறைக் கட்டிகளின் அளவு ஒன்று. கட்டிகளுக்கு நடுவே உள்ள பிடிப்பு ஒன்று. தண்ணீரும் மலையின் அழுத்தமும் சேர்ந்து ஒன்று. மூன்றையும் பெருக்குவார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஆயிரம் வரை மார்க் வரும். பெரிய வேலைகளில் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு, ஒத்து இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்.

பிறகு ஏன் விழுகிறது?

மார்க் போட முறை இருக்கிறது. என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். பிறகு ஏன் சுரங்கம் இடிகிறது?

மூன்று காரணம் சொல்லலாம்.

முதல் காரணம், பாறை மாறும். ஒரே சுரங்கத்தில் பத்து அடிக்கு ஒரு குணம் இருக்கும். வேலை தொடங்கும் முன் மேலே இருந்து துளை போட்டுப் பார்க்கிறார்கள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே என்ன இருக்கிறது? அதைத் துளை சொல்லாது. நல்ல துணி என்று முந்தானையைப் பார்த்து வாங்குகிறோம். நடுவே இழை அறுந்து இருந்தால், பிரித்துப் பார்க்கும்போதுதானே தெரியும்? ஆகவே ஒவ்வொரு தடவை வெடி வைத்த பிறகும், புதிதாகத் தெரியும் பாறையின் முகத்தைப் பார்த்துப் புது மார்க் போட வேண்டும். முதலில் போட்ட மார்க்கை வைத்துக் கொண்டு கடைசி வரை ஓட்டக் கூடாது.

இரண்டாவது காரணம், அவசரம். நான்காம் வகுப்பு என்று எழுதினால் மெதுவாகப் போக வேண்டும். மூன்றாம் வகுப்பு என்றால் வேகமாகப் போகலாம். "எப்போது முடியும்? எப்போது முடியும்?" என்று மேலே இருந்து நெருக்கினால், மார்க் போடுகிறவர் கை நடுங்கும்.

மூன்றாவது காரணம், பணம். வகுப்பு குறையக் குறைய, இரும்பும் சிமெண்டும் அதிகம். செலவும் அதிகம். வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசிய ஒப்பந்தத்தில், காண்டிராக்டருக்கு மோசமான வகுப்பு லாபம். பணம் கொடுக்கிறவருக்கு நல்ல வகுப்பு லாபம். மொத்தமாக ஒரே தொகை என்று பேசிய ஒப்பந்தத்தில் கதை தலைகீழ். இரும்பைக் குறைத்தால் காண்டிராக்டருக்கு மிச்சம். இப்படி ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால், பாறையின் உண்மைக் குணத்தைச் சொல்ல ஆள் எங்கே?

ஆகவே மார்க் போடும் புவியியல் நிபுணர், யாருக்கும் பயப்படாதவராக இருக்க வேண்டும். "வேலையை நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டும்.

மார்க் மட்டும் போதுமா?

போதாது. மார்க் என்பது ஜோசியம் அல்ல. முன்னே பார்த்த சுரங்கங்களின் அனுபவத்தைத் திரட்டிச் சொல்லும் புத்திமதி. அவ்வளவுதான்.

தெலுங்கானாவில் நடந்ததைப் பாருங்கள். ஸ்ரீசைலம் அணையில் இருந்து கிருஷ்ணா தண்ணீரைக் கொண்டு போக, சுமார் 44 கிலோ மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டி வந்தார்கள். 2025-ம் ஆண்டு, பிப்ரவரி 22-ந் தேதி, வாசலில் இருந்து சுமார் 14 கிலோ மீட்டர் உள்ளே கூரை இடிந்தது. தண்ணீரும் சேறும் பாய்ந்து வந்தன. 8 பேர் சிக்கினார்கள். சில்க்யாராவில் கிடைத்த அதிர்ஷ்டம் அங்கே கிடைக்கவில்லை. எட்டுப் பேரில் ஒருவரும் உயிருடன் திரும்பவில்லை.

அங்கே வெடி வைக்கவில்லை. பெரிய எந்திரம் பாறையைக் கடைந்து கொண்டே போயிற்று. எந்திரம் வேகமாகப் போகும். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. எந்திரத்தின் தலை, பாறையின் முகத்தை மறைத்துக் கொண்டு நிற்கும். மனிதன் நேரில் பார்த்து மார்க் போடுவது கஷ்டம். ஆகவே எந்திரத்துக்கு முன்னால் நீளமாகத் துளை போட்டு, அங்கே தண்ணீர் இருக்கிறதா, நொந்த பாறை இருக்கிறதா என்று சோதித்துக் கொண்டே போக வேண்டும். கண் தெரியாதவர் கைத்தடியால் தட்டிப் பார்த்து நடப்பது போல!

இன்னொரு காவலும் உண்டு. தாங்கல் கொடுத்த பிறகு, சுரங்கத்தின் சுவரில் அடையாள முளைகளை அடித்து வைப்பார்கள். ஒரு முளைக்கும் எதிரே உள்ள முளைக்கும் நடுவே உள்ள தூரத்தை அடிக்கடி அளப்பார்கள். இன்று ஒரு மில்லி மீட்டர் குறைந்தது. நாளை இரண்டு குறைந்தது. மறு நாள் ஐந்து குறைந்தது. அப்படியானால் மலை நெருக்குகிறது! உடனே ஆட்களை வெளியே அழைக்க வேண்டும். பாறை விழுவதற்கு முன் அநேகமாக எச்சரிக்கை கொடுக்கும். அதைக் கவனிக்க ஆள் இருக்க வேண்டும்.

தப்பிக்கும் வழி

சில்க்யாரா சுரங்கத்துக்கு மத்திய மந்திரி சபை 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் ஒப்புதல் கொடுத்தது. அப்போது, தப்பிக்கும் வழியுடன் கூடிய சுரங்கம் என்றே அறிவித்தார்கள். ஆனால் கூரை விழுந்த அன்று, அந்த 41 பேருக்கும் வெளியே வர வழி இல்லை.

வீடு கட்டும்போது, "மாடிப்படி கடைசியில் பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டு விடுகிறோம். வீட்டுக்கு அது சரி. சுரங்கத்துக்குச் சரி அல்ல. ரோட்டில் கார் ஓடத் தொடங்கிய பிறகு மட்டும் ஆபத்து வருவது இல்லை. தோண்டும்போதுதான் ஆபத்து அதிகம். தப்பிக்கும் வழி, தோண்டுகிறவனுக்கும் வேண்டும். குறைந்தது ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குப் பெரிய குழாயாவது, நொந்த பாறை இருக்கும் இடத்தில் முதலிலேயே போட்டு வைக்க வேண்டும்.

சில்க்யாரா விபத்துக்குப் பிறகு, நாட்டில் கட்டிக் கொண்டு இருந்த 29 சுரங்கப் பாதைகளைச் சோதிப்பதாக தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது. சில்க்யாராவிலும் வேலை மீண்டும் தொடங்கியது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி, இரண்டு பக்கமும் இருந்து தோண்டி வந்தவர்கள் நடுவே சந்தித்தார்கள்.

சென்னைக்கு அடியில்

"இமயமலைக் கதை நமக்கு எதற்கு?" என்று திருவள்ளூர்க்காரர் கேட்கலாம்.

அவர் மாவட்டத்தில் உள்ள பூந்தமல்லிக்கும், மெரினா கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே மெட்ரோ ரெயில் பாதை வகுத்து இருக்கிறார்கள். பூந்தமல்லிப் பக்கம் பாலத்தின் மீது போகும். கோடம்பாக்கம் பக்கம் வந்ததும் பூமிக்குள் இறங்கி விடும். அந்த இரண்டாம் கட்ட வேலையில் பூமியைக் குடையும் எந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை, காவேரி, மயில் என்று அழகான பெயர் வைத்தார்கள்.

சென்னையின் அடிப் பகுதி வேடிக்கையானது. சில இடத்தில் மணல். சில இடத்தில் களிமண். சில இடத்தில் கடினமான பாறை. பரங்கிமலையின் பாறை உலகப் புகழ் பெற்றது. அதற்கு சார்னோக்கைட் என்று பெயர். ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் சமாதி கல்கத்தாவில் இருக்கிறது. அந்தச் சமாதிக் கல், சென்னைப் பக்கத்தில் இருந்து போன கல். ஆகவே 1893-ல் ஹாலந்து என்ற நிபுணர், அந்தப் பாறைக்கு அவர் பெயரையே வைத்து விட்டார்.

மணலுக்குப் பாறை மார்க் பயன்படாது. அதற்கு வேறு கணக்கு. தலைப் பாதி மணல், கால் பாதி பாறை என்று கலந்து வரும் இடம்தான் எந்திரத்துக்கு மிகவும் கஷ்டமான இடம். கீழே பல் தேயும். மேலே மண் சரியும். ஆகவே ஊருக்கு அடியில் தோண்டும்போது ஜாக்கிரதை இரண்டு மடங்கு வேண்டும். கீழே தொழிலாளி இருக்கிறான். மேலே வீடும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

செய்ய வேண்டியது அதிகம் இல்லை.

ஒவ்வொரு தடவை பாறை உடைத்த பிறகும் மார்க் போட வேண்டும். போட்ட மார்க்கை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். மார்க்கு என்ன கெடு சொல்லுகிறதோ, அந்தக் கெடுவுக்குள் தாங்கல் கொடுக்க வேண்டும். சுவர் நெருங்குகிறதா என்று தினமும் அளக்க வேண்டும். தப்பிக்கும் வழியை முதலிலேயே அமைக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. உள்ளே போகும் தொழிலாளிக்கும் விஷயம் தெரிய வேண்டும். "இன்று பாறை நான்காம் வகுப்பு. ஜாக்கிரதை!" என்று சுரங்க வாசலில் அவன் மொழியில் ஒரு பலகை எழுதி வைத்தால் என்ன? மார்க் அவன் தலைக்கு மேலே இருக்கும் பாறைக்குத்தானே? அதைத் தெரிந்து கொள்ள அவனுக்கு உரிமை இல்லையா?

பள்ளிக்கூடத்தில் பையனுக்கு மார்க் குறைந்தால், அடுத்த பரீட்சையில் பார்த்துக் கொள்ளலாம். 34-ஐ 43 என்று அவனே திருத்திக் கொண்டு வந்தால், அப்பா கையெழுத்துப் போட மாட்டார். பாறையின் மார்க்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தாளில் திருத்தலாம். கூரையில் திருத்த முடியாது.

ஆர்.கே.பேட்டைக் குன்றில் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் தொழிலாளி, "பொத்" என்று ஒலித்தால் அந்தக் கல்லுக்குக் கீழே உட்கார மாட்டார். "ணங்" என்று ஒலித்ததாகத் தன்னைத் தானே ஏமாற்றிக் கொள்ளவும் மாட்டார். மலையைக் குடையும் பெரிய என்ஜினீயர்களும் பெரிய கம்பெனிகளும் அவரிடம் கற்றுக் கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.